தேக்குக்கு மஞ்சள் பெயிண்ட்

பிரபு,

நீ அனுப்பிய சோபாவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வண்டியில் வந்த இரண்டு பிள்ளைகளும் அதை வாசலில் இறக்கி, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். "நிறுத்துங்க தம்பி, திரும்ப ஏத்துங்க" என்றேன். ஒருவன் போனை நீட்டி, "அட்ரஸ் இதானம்மா?" என்று கேட்டான். "அட்ரஸ் சரியாத்தான் இருக்குது. சோபாதான் தப்பு" என்றேன். அவன் முழித்தான். இரண்டு பேருக்கும் மோர் கொடுத்துத்தான் அனுப்பினேன். விழுப்புரத்திலிருந்து வெயிலில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் மேல் எனக்கென்ன கோபம்? கோபமெல்லாம் உன் மேல்தான்.

விஷயம் தெரிந்ததும் போன் போட்டுக் கத்தினாய். பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டே, "கொஞ்சம் தணிஞ்சு எழுது, புள்ள டென்ஷன்ல இருக்கான்" என்கிறார். தணிந்து எழுதுவதாக இல்லை. டென்ஷன் உனக்கு மட்டும் சொந்தமா என்ன?

ஞாயிற்றுக்கிழமை சுகந்தியின் அப்பாவும் அம்மாவும் உறவுக்காரர்களும் முதல்முறையாக நம் வீட்டுக்கு வருகிறார்கள். பனமலைப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அவர்கள் ஊர்த்தெரு, நாம் காலனி. பெங்களூரில் ஒரே ஆபீசில் வேலை பார்க்கிற நீங்கள் இரண்டு பேரும் இதையெல்லாம் யோசித்துப் பழகவில்லை, நல்லது. ஆனால் அவள் அப்பா பெண்ணோடு எத்தனையோ மாதம் பேசாமல் இருந்து, கடைசியில் "சரி, ஊட்டப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாராம். பார்க்க வருகிற அந்த வீடு இது. அவர் நம் வாசற்படி ஏறுவாரா, உட்காருவாரா, தண்ணீர் குடிப்பாரா என்பதுதான் உன் பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு, மறைக்க மாட்டேன். இந்தக் கல்யாணம் நடக்காமல் போனால் நீ உடைந்துபோவாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்கு நீ கண்டுபிடித்த மருந்து என்ன? ஹாலில் இருக்கிற மஞ்சள் சோபாவைத் தூக்கிக் கடையில் போடு, புது சோபா அனுப்புகிறேன், யாராவது கேட்டால் அம்மா இன்டீரியர் பிசினஸ் பண்றாங்க என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாய். இன்டீரியராம்! நான் பழைய பர்னிச்சர் கடைக்காரி. திருவண்ணாமலை ரோட்டில் போர்டு வைத்து, அதில் குஷன் வேலை, பெயிண்டிங் வேலை செய்யப்படும் என்று உன் நைனா கையாலேயே எழுதியிருக்கிறது. அந்த போர்டைத் தாண்டித்தான் அவர்கள் காரே வர வேண்டும்.

அந்த மஞ்சள் சோபா நம் வீட்டுக்கு வந்தபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. ஒரு குட்டியானை வண்டியில் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டு வந்தோம். முன்னங்கால் ஒன்றைக் கரையான் தின்றிருந்தது. ஸ்பிரிங் எல்லாம் செத்து, உட்கார்ந்தால் தரைக்கே போய்விடும். பின்பக்கத் துணியைக் கிழித்தபோது எலி கூடு கட்டியிருந்த தேங்காய்நார் பொலபொலவென்று கொட்டியது. உன் நைனா பார்த்துவிட்டு, "இத வச்சி இன்னா பண்ணப் போற? அடுப்புக்குத்தான் ஆவும்" என்றார். நான் விடவில்லை. கரையான் தின்ற காலை அறுத்துவிட்டு வேப்பமரத்தில் புதுக்கால் கடைந்து வைத்தோம். பழைய பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட, அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் இன்னொன்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் மிஷின் என்னை யார் என்றே தெரியாது என்றது! கடைசியில் மரம் தெரிந்தது. நல்ல தேக்கு. ரேகை ஓடி, தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. தெருவே வந்து பார்த்தது.

அந்த மரத்துக்குத்தான் நான் மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். நம் கைக்கு வந்த முதல் தேக்கு அதுதான். அடிக்கச் சொன்னபோது உன் நைனா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "தேக்குக்கு எவனாவது பெயிண்ட் அடிப்பானா? பாலிஷ் போட்டா நாலு பேரு கண்ணு வைப்பான். என்னால முடியாது" என்றார். எங்கள் தொழிலில் அது பாவம் என்றே சொல்வார்கள். நான்தான் பிரைமர் அடித்து, அதன் மேல் முட்டை மஞ்சளை அடித்தேன். ஸ்பாஞ்ச் போட்டு, நீலத் துணி இழுத்துக் கட்டி, ஓரமெல்லாம் ஆணி அடித்தேன். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்த மனுஷன், மூன்றாவது நாள் அதில் படுத்துத் தூங்கிவிட்டார். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. மஞ்சள் கலர் அசிங்கமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாய். இப்போது கேட்டுக்கொள்.

கடை ஆரம்பித்த புதிதில் நம் காலனி வாத்தியார் ஒரு சாய்வு நாற்காலியைக் கொடுத்தார். பென்ஷன் வாங்கியதும் மகன் வீட்டோடு போகிறார், எடுத்துப்போக இடமில்லை. நல்ல நாற்காலி. கித்தான் துணி மட்டும் மாற்றி, லேசாக பாலிஷ் போட்டு கடை முன்னால் வைத்தேன். டவுனில் பெரிய தெருக்காரர் ஒருவர் வந்தார். உட்கார்ந்தார், சாய்ந்தார், கண்ணை மூடினார். எழுந்திருக்கவே மனசில்லை அவருக்கு. "மரம் நல்லா இருக்குதே, யார் ஊட்டுதும்மா இது?" என்று கேட்டார். எனக்கு அப்போது விவரம் போதாது. வாத்தியார் வீட்டுது என்றேன். எந்த வாத்தியார் என்றார். சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போனார். மறுநாள் காலையில் நாற்காலி திரும்பி வந்துவிட்டது. "ஊட்ல கலர் புடிக்கலங்கறாங்க" என்றார். பாலிஷ் போட்ட மரத்தில் என்ன கலர்?

நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டேன். நல்ல இலைப்பச்சை பெயிண்ட் அடித்தேன், கோடு போட்ட கித்தான் மாட்டினேன். கொஞ்ச நாள் கழித்து அதே மனிதர் வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார், சாய்ந்தார், கண்ணை மூடினார். "இது யார் ஊட்டுது?" என்றார். "கட ஊட்டுதுங்க" என்றேன். "அப்ப சரி. கலரு ஜோரா இருக்குது" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் அது அவர் வீட்டு வாசலில்தான் இருக்கிறது பிரபு. நான் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையை நீட்டிப் பார்ப்பேன். சாய்ந்துகொண்டு பேப்பர் படிப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது, பக்கத்து சீட்டுக்காரி என்னைப் பார்த்து நகர்ந்து உட்காருவாள். ஏமாற்றிவிட்டேன் என்கிறாயா? மரம் அதே மரம், நாற்காலி அதே நாற்காலி, அவர் முதுகும் அதே முதுகு. என்னத்தை ஏமாற்றினேன்?

அன்றைக்கு வைத்ததுதான் இந்தக் கடைச் சட்டம். எந்த வீட்டிலிருந்து வந்த சாமான் என்று யாருக்கும் சொல்வதில்லை. மரத்தைக் காட்டினால்தான் வீட்டைக் கேட்கிறார்கள், வீட்டைச் சொன்னால் தெருவைக் கேட்கிறார்கள். அதனால் தேக்கானாலும் சரி, பலாவானாலும் சரி, நம் கடைக்குள் வந்தால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்துத்தான் வெளியே போகும். சிலர் வாங்கிக்கொண்டுபோய் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் வீட்டுக்குள் விடுகிறார்கள். தெளிக்கட்டும், நல்ல பெயிண்ட் தண்ணீருக்கெல்லாம் போகாது.

இதை நான் சொல்வதால் எல்லாப் பெயிண்டும் எங்களுக்குக் கைகொடுத்தது என்று நினைத்துவிடாதே. உன் நைனா தேர்தலுக்குச் சுவர் விளம்பரம் எழுதி மிஞ்சிய பெயிண்டை வீணாக்கக் கூடாது என்று ஒரு கல்யாண வீட்டு ஆர்டருக்கு அடித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டு மேசைக்கு ஒரு கலர், நாற்காலிகளுக்கு இன்னொரு கலர். தனித்தனியாகப் பார்த்தால் அழகுதான். வீட்டுக்காரர் வந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். அப்படியே எதிர்க்கட்சிக் கொடி! "மாப்ள ஊட்டுக்காரங்க எந்தக் கட்சின்னு தெரிஞ்சுதான் பண்ணியா?" என்று அவர் போட்ட சத்தம் சிங்கவரம் வரைக்கும் கேட்டிருக்கும். நீயும் நானும் மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தோம். அப்போது உனக்கு நம் கடை அசிங்கமாகத் தெரியவில்லை. மூடிப்போன சினிமா கொட்டகையிலிருந்து எடுத்துவந்த சீட்டில் உட்கார்ந்துதான் நீ பத்தாவதுக்குப் படித்தாய். எழுந்தால் பட்டென்று மடிந்துகொள்ளும். நீ எழுந்து ஓடுகிறாயா, உட்கார்ந்து படிக்கிறாயா என்று சமையல்கட்டிலிருந்தே எனக்குச் சத்தத்தில் தெரியும். உன் சிநேகிதர்கள் அதில் உட்கார வரிசையில் நிற்பார்கள். கிழிந்த ரெக்சினை மாற்றி, அதற்குச் சிவப்புத் துணி கேட்டவன் நீதான்.

சோபாவைத் திருப்பி அனுப்பிய இரண்டாம் நாள் நீ மறுபடியும் போன் செய்தாய். குரல் இறங்கியிருந்தது. யாரோ சிநேகிதனிடம் கேட்டாயாம். பழைய தேக்கு என்றால் பெங்களூரில் இப்போது தனி மவுசாம். "அப்ப ஒண்ணு பண்ணும்மா. அந்த மஞ்சளச் சுரண்டிட்டு பாலிஷ் போட்டுடு. இது இன்ன ஜமீன் வூட்டு சோபான்னு சொல்லிடலாம். ஆன்டிக்னு சொன்னா அவங்க அப்பா வாயத் தொறக்கமாட்டாரு" என்றாய். முதல் நாள் நீ கத்தியபோது வந்த கோபத்தைவிட இதற்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வந்தது. கத்தவில்லை, போனை நான் வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் நம்மைப் போலவே பழைய சாமான் விற்கிறவர் ஒருவர் இருக்கிறாரே, தெரியும்தானே. செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்கள் யார் வந்தாலும், போன வருஷம் செய்த முக்காலியைக்கூட "ராஜா காலத்துது சார்" என்று தலையில் கட்டிவிடுவார். இவர் விற்ற கட்டில்களுக்கெல்லாம் ராஜாக்கள் வேண்டுமென்றால் அந்தக் கோட்டை மலையில் படுக்க இடம் போதாது. அவரைப் பார்த்து நீயும் நானும் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்! இப்போது என் பிள்ளை அதே வேலையை என் வீட்டு ஹாலில் செய்யச் சொல்கிறான். முதலில் பழசு என்று மறைக்கச் சொன்னாய். பிறகு பெரிய வீட்டுப் பழசு என்று காட்டச் சொன்னாய். இரண்டிலும் நான் எங்கேயடா இருக்கிறேன்? எலிக்கூட்டை எடுத்துப் போட்டது யார்? காலை மாற்றியது யார்? ஆணி அடித்துக் கட்டைவிரல் நசுங்கியது யாருக்கு?

அந்த சோபா யார் வீட்டிலிருந்து வந்தது என்று எனக்கும் உன் நைனாவுக்கும் தெரியும். நீ நினைக்கிறபடி பெரிய வீடாக இருக்கலாம். அந்த வீட்டு வாசலில் நம் ஆட்கள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். இல்லை, நம் ஆளே ஒருவர் சேர்த்துவைத்த காசில் செய்ததாக இருக்கலாம். உனக்குச் சொல்ல மாட்டேன். சுகந்தியின் அப்பா கேட்டாலும் சொல்ல மாட்டேன். கலெக்டரே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். இன்னொருவர் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் என் வீட்டில் ஒருவர் உட்கார வேண்டும் என்றால், அவர் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை யாராவது "யார் ஊட்டு சோபா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துவிட்டேன். கடையில் சொல்வதைக்கூடச் சொல்லப்போவதில்லை. எங்க வீட்டு சோபா என்று சொல்வேன். நான் செய்தது என்று சொல்வேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. போன மாதம் லீவில் ஊருக்கு வந்திருந்த சுகந்தி, வீட்டில் ஏதோ சாக்கு சொல்லிவிட்டு பஸ் ஏறி, தனியாக நம் கடைக்கு வந்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். நான் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். உள்ளே வந்ததும் வராததுமாக ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதற்கு இன்னும் அடியில் ஆளைத் தாங்குகிற பெல்ட்டே கட்டவில்லை, அளவு பார்க்க மேலே துணியை மட்டும் விரித்து வைத்திருந்தேன். மரச்சட்டத்துக்குள்ளே அப்படியே இறங்கிவிட்டாள், கால் இரண்டும் மேலே! நானும் உன் நைனாவும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம். வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருக்கும். இவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அந்த மஞ்சள் சோபாவில்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாள். "இது யாரு வீட்டுதுன்னு கேக்கமாட்டேன் அத்த. உங்க ரூல அவரு சொல்லியிருக்காரு" என்றாள்.

நீ சொல்லியிருக்கிறாய் பிரபு. உங்கள் ஆபீஸ் கேன்டீனில் நாலு பேர் இருக்கும்போது, எங்க அம்மா கடையில் எந்தச் சாமானுக்கும் தெரு கிடையாது என்று சொன்னாயாம். அந்தப் பச்சை நாற்காலிக் கதையை நடித்தே காட்டினாயாம். "அன்னிக்குத்தான் அத்த அவரப் புடிச்சுப் போச்சு" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவள் சாப்பிட்ட தட்டை எடுக்கிற மாதிரி நான் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். உனக்கு என் வேலையில் வெட்கம் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பாவை நினைத்தால் மட்டும்தான் உனக்கு வெட்கம் வருகிறது. அது உன் வெட்கமே இல்லையடா, அவரிடமிருந்து நீ வாங்கி வைத்துக்கொண்டது.

போகும்போது அவளிடம் நானே கேட்டேன், உங்க அப்பா வந்தா உக்காருவாராம்மா என்று. அவள் பொய் சொல்லவில்லை. "தெரியல அத்த. தண்ணி குடிப்பாரான்னும் தெரியல. ஆனா நீங்க எதையும் மாத்தாதீங்க. நான் உக்காருவேன்" என்றாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். அந்தப் பெண் இத்தனை தைரியமாக இருக்கும்போது நீ எனக்கு ஷோரூம் சோபா அனுப்புகிறாய்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் செய்யப்போவது இதுதான். சோபாவை ஹாலின் நடுவில், கதவைத் திறந்ததும் தெரிகிற மாதிரி போடுவேன். உன் நைனா அதற்கு இன்னொரு கோட் மஞ்சள் அடிக்க ஆரம்பித்துவிட்டார். தேக்குக்கு பெயிண்ட் அடிக்க மாட்டேன் என்று பிரஷ்ஷைக் கீழே வைத்த அதே மனுஷன்தான்! வருகிறவர்களுக்கென்று பச்சை, நீலம், சிவப்பு என்று கடையிலிருக்கிற நல்ல நாற்காலிகளை எல்லாம் கொண்டுவந்து போடுவோம். நீ படித்த சினிமா சீட்டையும் துடைத்து வைப்பேன். சுகந்தியின் அப்பாவை வாங்க, உக்காருங்க என்று நானே கைகாட்டிக் கூப்பிடுவேன். வயசில் பெரியவர், பெண்ணைப் பெற்றவர், அவருக்குப் பயம் இருக்காதா? மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன். உட்கார்ந்தால் சந்தோஷம். உட்காராமல் நின்றால் அதற்காக நானும் எழுந்து நிற்கப் போவதில்லை. அவர் நிற்கட்டும், நான் உட்கார்ந்துகொண்டே பேசுவேன். இதனால் உன் கல்யாணம் தள்ளிப்போனால் எனக்கு வயிறு எரியும், ராத்திரி சோறு இறங்காது. ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன்.

நீ சனிக்கிழமையே வந்துவிடு. ஞாயிறு காலையில் அவர்கள் கார் தெருவில் திரும்பும்போது நீ வாசலுக்குப் போய் வணக்கம் சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு வா. அதற்குப் பிறகு கதவோரம் கைகட்டி நிற்காதே. அது மூன்று பேர் உட்காருகிற சோபா. ஒரு ஓரத்தில் நான் இருப்பேன், இன்னொரு ஓரத்தில் உன் நைனா இருப்பார். நடுவில் இருக்கிற இடம் உனக்கு. சுகந்தியின் அப்பா நம் வீட்டில் உட்காருவாரா மாட்டாரா என்பது அவர் பாடு. அந்த நடு இடம் காலியாக இருந்ததென்றால், என் வீட்டில் உட்கார மாட்டேன் என்று முதலில் சொன்னவன் என் பிள்ளை என்று ஆகிவிடும். பெயிண்ட் அதற்குள் காய்ந்துவிடும், துணியில் ஒட்டாது. வந்து உட்கார்.

அம்மா
செஞ்சி